வாசலில் ‘எக்சீடிங்’, சான்றிதழில் 2018: எந்த டேகேரை நம்புவது?

டூங்காபி தாய் (2025 அக்டோபர் 11, காலை)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினொரு மாதம் நிறைகிறது. ஜனவரி இறுதியில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், மேற்கு சிட்னியில் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள இரண்டு டேகேர் நிலையங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டுமே உரிமம் பெற்றவை, கட்டணமும் சப்சிடி போக ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது. முதல் நிலையத்தின் வாசலில் ‘எக்சீடிங்’ (தரத்தை மிஞ்சியது) என்ற மதிப்பீட்டுச் சான்றிதழ் பெரிய சட்டத்தில் தொங்குகிறது. ஆனால் அதன் கீழே உள்ள ஆண்டைப் பார்த்தால் 2018. இரண்டாவது நிலையத்திற்கு ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ (தரத்தை இன்னும் எட்டவில்லை) என்ற மதிப்பீடுதான். அது இந்த ஆண்டு மார்ச்சில் கொடுக்கப்பட்டது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, முதல் நிலையமே சரி என்கிறார் என் கணவர். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. முதல் நிலையத்திற்கு நாங்கள் போனபோது வரவேற்பறையில் ஆளே இல்லை. உள்கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்ததால், யாரும் கேள்வி கேட்காமலேயே குழந்தைகள் அறை வரை நடந்து போய்விட்டோம். இரண்டாவது நிலையத்தில் எங்கள் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். மதிப்பீடு ஒன்றைச் சொல்கிறது, நான் கண்ணால் கண்டது வேறொன்றைச் சொல்கிறது. இந்தத் துறையை அறிந்தவர்கள், மதிப்பீட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

முன்னாள் சூப்பர்வைசர் (அக்டோபர் 11, மாலை)

சகோதரி, நான் ஒரு நிலையத்தில் நாமினேட்டட் சூப்பர்வைசராக, அதாவது அன்றாடப் பொறுப்பாளராக, சில ஆண்டுகள் பொறுப்பு வகித்து, மூன்று மதிப்பீடுகளை நேரில் எதிர்கொண்டவள். அடிப்படையிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2012 ஜனவரி 1 முதல் ஆஸ்திரேலியா முழுவதற்கும் ஒரே தேசியத் தர நியமம் நடைமுறையில் இருக்கிறது. அதை மேற்பார்க்கும் தேசிய அமைப்பு அசெக்வா (ACECQA). ஆனால் நிலையத்திற்கு ஆள் அனுப்பிப் பார்த்து மதிப்பீடு தருவது அந்தந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு. ஏழு தரப் பகுதிகள் உள்ளன: கற்றல் திட்டம், உடல்நலமும் பாதுகாப்பும், கட்டடமும் சூழலும், பணியாளர் ஏற்பாடு, குழந்தைகளுடனான உறவு, குடும்பங்களுடனான கூட்டுறவு, நிர்வாகமும் தலைமையும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி மதிப்பீடு தந்து, பிறகு ஒட்டுமொத்த மதிப்பீட்டைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கைத்தான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழு பகுதிகளில் ஏதேனும் ஒன்று ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ ஆனாலே போதும், மற்ற ஆறும் சிறப்பாக இருந்தாலும் ஒட்டுமொத்த மதிப்பீடு ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ ஆகிவிடும். மறுபுறம், ஒட்டுமொத்தமாக ‘எக்சீடிங்’ பெறக் குறைந்தது நான்கு பகுதிகளில் அந்த நிலையை எட்ட வேண்டும், அவற்றுள் குறைந்தது இரண்டு 1, 5, 6, 7 ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். உடல்நலமும் பாதுகாப்பும் என்ற இரண்டாம் பகுதி அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதாவது, பாதுகாப்பில் தேவையான அளவை மட்டும் எட்டிய நிலையம், கற்றல் திட்டத்தாலும் குடும்ப உறவாலும் நிர்வாகத்தாலும் ‘எக்சீடிங்’ என்ற சான்றிதழைப் பெறலாம். அதில் தவறேதும் இல்லை, விதி அப்படி. ஆனால் சான்றிதழைப் பார்க்கும் பெற்றோர், பாதுகாப்பில்தான் அந்த நிலையம் சிறந்தது என்று புரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே ஒட்டுமொத்தச் சொல்லோடு நின்றுவிடாமல், ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ் இணையதளத்திலோ அசெக்வாவின் தேசியப் பதிவேட்டிலோ நிலையத்தின் பெயரைத் தேடி, ஏழு பகுதிகளுக்கும் என்ன கிடைத்திருக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டாம் பகுதியையும் ஏழாம் பகுதியையும் முதலில் பாருங்கள்.

வெஸ்ட்மீட் அப்பா (அக்டோபர் 11, இரவு)

என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிலையத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. ‘எக்சீடிங்’ பெற்ற நிலையம். ஒரு நாள் மதியம் வெளி விளையாட்டு முடிந்து எல்லாக் குழந்தைகளையும் உள்ளே அழைத்துச் சென்றபோது, மணல்தொட்டிக்குப் பின்னால் இருந்த இவனை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சமையலறையிலிருந்து குப்பை கொட்ட வந்த அம்மையார்தான், கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தவனைத் தூக்கி வந்திருக்கிறார். மாலையில் நான் அழைக்கப் போனபோது, “சிறிது நேரம் வெளியே இருந்துவிட்டான், இப்போது நன்றாக இருக்கிறான்” என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கையில் ஒரு காகிதமும் தரவில்லை.

அன்றிரவு அவன் தூக்கத்தில் “கதவு, கதவு” என்று அலறினான். அதைக் கேட்ட பிறகுதான் மாநிலக் கட்டுப்பாட்டு அமைப்பிற்கு எழுதினேன். முன்னறிவிப்பு இல்லாமல் அதிகாரிகள் வந்தார்கள், கேமரா பதிவையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், குழந்தைகளை எண்ணாமலேயே எண்ணியதாகக் குறித்திருந்தது தெரியவந்தது. நடவடிக்கையும் எடுத்தார்கள். ஆனாலும் வாசலில் இருந்த சான்றிதழ் அப்படியே இருந்தது. அதனால் இந்த மதிப்பீடுகளில் எனக்கு இம்மியளவும் நம்பிக்கை இல்லை. அட்டையைப் பார்த்துப் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

முன்னாள் சூப்பர்வைசர் (அக்டோபர் 12, காலை)

தம்பி, நீங்கள் பட்டதைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. நீங்கள் புகார் செய்தது மிகச் சரி. குழந்தை தவறுதலாக உள்ளேயோ வெளியேயோ வைத்துப் பூட்டப்படுவது சட்டப்படி ‘தீவிர நிகழ்வு’. நிலையம் தானாகவே 24 மணி நேரத்திற்குள் அதைக் கட்டுப்பாட்டு அமைப்பிற்குத் தெரிவித்திருக்க வேண்டும். நிகழ்வுப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவைக் குழந்தைக்கு 25 வயதாகும் வரை பாதுகாக்க வேண்டும். “சிறிது நேரம் வெளியே இருந்தான்” என்று வாயால் சொல்லிக் கடந்துபோகும் விஷயமே அன்று.

ஆனால் மதிப்பீட்டில் இம்மியளவும் நம்பிக்கை வேண்டாம் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. நான் பொறுப்பில் இருந்தபோது மதிப்பீட்டு வருகை முன்கூட்டியே அறிவித்துவிட்டு நடந்தது. அதிகாரி பார்ப்பார், பேசுவார், ஆவணங்களைச் சரிபார்ப்பார், பிறகு வரைவு அறிக்கை தருவார், நிலையம் பதில் சொல்லலாம், மறுபரிசீலனையும் கோரலாம். உங்கள் புகாருக்கு வந்தது, சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் இணக்கச் சோதனை. அது எந்த நாளிலும் அறிவிக்காமல் நடக்கலாம். முதலாவது, நிலையம் தன்னால் இயன்ற அளவில் எப்படி இயங்குகிறது என்று காட்டும். இரண்டாவது, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறது என்று காட்டும். முதலாவதை மட்டும் பெற்றோருக்குப் பெரிய எழுத்தில் காட்டுகிறோம் என்பதுதான் குறை. சட்டத்தை மீறிய நிலையங்கள் மீது எடுத்த அமலாக்க நடவடிக்கைகளை மாநில அமைப்புகள் தம் இணையதளங்களில் வெளியிடுகின்றன, ஆனால் சேர்க்கைக்கு முன் அங்கே போய்ப் பார்க்கும் பெற்றோர் மிகச் சிலரே.

பத்தாண்டு எஜுகேட்டர் (அக்டோபர் 12, மதியம்)

நான் குழந்தைகளைக் கவனித்துக் கற்பிக்கும் எஜுகேட்டராக இன்றும் கைக்குழந்தைகள் அறையில் பணியாற்றுகிறேன். மேலே அக்கா சொன்னவை யாவும் உண்மை. அறைக்குள் இருந்து பார்க்கும்போது தெரியும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மதிப்பீட்டு அறிவிப்பு வந்த நாளிலிருந்து நிலையம் மாறிவிடும். கோப்புகள் அடுக்கப்படும், சுவரில் புதிய படங்கள் ஏறும், விடுப்பில் இருப்பவர்களையும் அழைப்பார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டிற்கு விருந்தாளி வரும்போது நாமும் ஒழுங்குபடுத்துகிறோம் அல்லவா? ஆனால் அனுபவமுள்ள அதிகாரி கோப்பில் அதிக நேரம் செலவிடுவதில்லை. தரையில் உட்கார்ந்து, டயப்பர் மாற்றும்போது நாங்கள் குழந்தையிடம் பேசுகிறோமா, அழும் குழந்தையிடம் யார் முதலில் போகிறார்கள் என்று கவனிப்பார். அதை ஒரு வாரப் பயிற்சியில் நடித்துக் காட்டிவிட முடியாது.

நடித்துக் காட்ட முடிவது ஆள் எண்ணிக்கை. நியூ சவுத் வேல்ஸில் இரண்டு வயதுக்குக் குறைந்த நான்கு குழந்தைகளுக்கு ஓர் எஜுகேட்டர், இரண்டிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது விதி. ஆனால் இந்த விகிதம் அறைவாரியாக அன்று, நிலையம் முழுவதற்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. மூத்த குழந்தைகள் அறையில் ஒருவர் கூடுதலாக இருந்தால், கைக்குழந்தைகள் அறையில் ஒருவர் குறைந்தாலும் மொத்தக் கணக்கு சரியாகவே இருக்கும். நான் தனியாக ஏழு குழந்தைகளோடு, இரண்டு பேர் அழ, ஒருவர் வாந்தி எடுக்க, உதவிக்குக் குரல் கொடுத்த மதியங்கள் உண்டு. அன்றும் தாளில் விகிதம் சரியாகத்தான் இருந்தது. விகிதம் சரியாக இருந்தாலும் போதுமான மேற்பார்வை எப்போதும் இருக்க வேண்டும் என்று சட்டம் தனியாகச் சொல்கிறது, அதை வலியுறுத்திக் கேட்கும் துணிவு இருபது வயதில் எனக்கு இருக்கவில்லை.

எனவே “உங்கள் விகிதம் என்ன?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “மதியம் ஒரு மணிக்கு, எஜுகேட்டர்கள் உணவுக்குப் போகும் நேரத்தில், இந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள்? இதே முகங்களா, ஏஜென்சியிலிருந்து வருபவர்களா?” என்று கேளுங்கள்.

கிளேட்டன்வாசி (அக்டோபர் 12, இரவு)

மெல்பனிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்த ஆண்டு எப்படிக் கழிந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஜூலை 1 அன்று, பாயின்ட் குக் பகுதி நிலையம் ஒன்றில் பணியாற்றியவர் மீது 70க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவானதாகக் காவல்துறை அறிவித்தது. ஏறத்தாழ 1,200 குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. எங்கள் மகள் அவர் வேலை செய்த நிலையங்கள் எதிலும் இல்லை. இருந்தும் அன்று இரவு அந்த நிலையங்களின் பட்டியலை நாங்கள் நான்கு முறை படித்தோம்.

அதன் பிறகு விக்டோரியா அரசு விரைவு ஆய்வொன்றை நடத்தி, அதன் 22 பரிந்துரைகளையும் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புத் தரத்தை எட்டாத நிறுவனங்களின் சப்சிடியை நிறுத்தும் அதிகாரத்தை நடுவண் அரசு ஜூலை இறுதியில் சட்டமாக்கியது. செப்டம்பர் 1 முதல் உடல் அல்லது பாலியல் துன்புறுத்தல் பற்றிய குற்றச்சாட்டை ஏழு நாளுக்குப் பதிலாக 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். வரும் ஜனவரி 1 முதல், நீங்கள் மேலே பேசிய இரண்டாம், ஏழாம் தரப் பகுதிகளின் வாசகத்திலேயே குழந்தைப் பாதுகாப்பு வெளிப்படையாகச் சேர்க்கப்படுகிறது.

தீய எண்ணத்தோடு வரும் ஒருவரை மதிப்பீட்டு அறிக்கை கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல, அது அதற்காக அமைக்கப்பட்டதே இல்லை. அவரைத் தடுப்பது கட்டடமும் பழக்கமும்தான்: டயப்பர் மாற்றும் இடம் கண்ணாடி வழியாக மற்றோர் அறையிலிருந்து தெரிகிறதா, யாரேனும் ஒருவர் குழந்தையோடு தனியாகக் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா, சொந்தக் கைப்பேசி அறைக்குள் வருகிறதா. டூங்காபி சகோதரி, திரும்பிப் போகும்போது இவற்றைப் பாருங்கள்.

பேரனின் பாட்டி (அக்டோபர் 13, காலை)

பிள்ளைகளே, நான் யாழ்ப்பாணத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கு ஒரு சந்தேகம். சொல்லாமல் கொள்ளாமல் நடுப்பகலில் போய்ப் பிள்ளையைப் பார்க்க விடுவார்களா? நேரம் வாங்கித்தான் வர வேண்டும் என்று பேரன் போகும் நிலையம் மகளிடம் சொல்கிறதாம். இன்னொன்று, எங்கள் பிள்ளைகள் ஏணையில் படுத்தே வளர்ந்தவர்கள். அங்கே எப்படித் தூங்க வைப்பார்கள்?

முன்னாள் சூப்பர்வைசர் (அக்டோபர் 13, காலை)

அம்மா, குழந்தை அங்கே இருக்கும் எந்த நேரத்திலும் பெற்றோர் உள்ளே வரலாம் என்பது விதி. நீதிமன்ற ஆணையோ, மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்தோ போன்ற சில காரணங்கள் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். புதிதாகச் சேர விரும்புவோர் சுற்றிப் பார்க்க நேரம் கேட்பது வேறு, சேர்ந்துவிட்ட குழந்தையின் தாயை வாசலில் நிறுத்துவது வேறு. உங்கள் மகளை ஒரு நாள் அறிவிக்காமல் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்தாண்டு எஜுகேட்டர் (அக்டோபர் 13, மாலை)

தூக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அம்மா. ஏணையும் தூளியும் இங்கே இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டிலின் கால்மாட்டில் கால் படும்படி கிடத்தி, முகம் மூடாமல் போர்த்துவதுதான் முறை. தலையணை கிடையாது. 2023 அக்டோபர் முதல் தூக்கத்திற்கென்றே ஒவ்வொரு நிலையமும் இடர் மதிப்பீடும் எழுத்து வடிவிலான நடைமுறையும் வைத்திருக்க வேண்டும், பேசினெட் எனப்படும் சிறு தொட்டில்கள் தடை செய்யப்பட்டுவிட்டன. எங்கள் நிலையத்தில் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை நெஞ்சு ஏறி இறங்குவதையும் உதட்டின் நிறத்தையும் பார்த்து எழுதுகிறோம். கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிற்றையும் சங்கிலியையும் கழற்றச் சொல்வோம். சில பாட்டிமார் மனம் வருந்துவார்கள், ஆனால் தூக்கத்தில் கழுத்தை இறுக்கக்கூடியது எதுவாக இருந்தாலும் நாங்கள் அனுமதிக்க முடியாது.

சகோதரி, அந்தத் தூக்கக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மற்றக் குழந்தைகளின் பெயரை மறைத்துக் காட்டலாம். பத்து பத்து நிமிடமாக ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மொத்தமாக எழுதியதுபோல் இருந்தால் யோசியுங்கள்.

டூங்காபி தாய் (அக்டோபர் 24, இரவு)

உங்கள் அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டு இரண்டு இடங்களுக்கும் மறுபடியும் போனேன், இந்த முறை மதியம் ஒரு மணிக்கு.

முதலில் பதிவேட்டைப் பார்த்தேன். ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ நிலையத்திற்குக் கற்றல் திட்டம் என்ற முதல் பகுதியில்தான் அந்தக் குறை. பாதுகாப்பு உட்பட மற்ற ஆறிலும் ‘மீட்டிங்’ (தேவையான தரத்தை எட்டியது). மதிப்பீட்டு அறிக்கையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இயக்குநர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். எஜுகேட்டர்கள் குழந்தைகளைப் பற்றி எழுதும் குறிப்புகளில், தாங்கள் செய்ததைத் தாங்களே ஆராய்ந்து பார்ப்பது குறைவு என்று எழுதியிருந்தது. அதைச் சரிசெய்ய வாரத்தில் இரண்டு மணி நேரம் எஜுகேட்டர்களை அறையிலிருந்து விடுவித்து எழுத வைக்கிறோம் என்றார். தூக்கக் குறிப்பேட்டில் மூன்று விதமான கையெழுத்துகள் இருந்தன, ஓரிடத்தில் “இருமினாள், தூக்கி வைத்திருந்தேன்” என்று ஒரு வரியும் இருந்தது. ஒரு மணிக்குக் கைக்குழந்தைகள் அறையில் மூன்று எஜுகேட்டர்கள், பத்துக் குழந்தைகள். மூன்று மாதத்திற்கு ஒரு முறை செய்ய வேண்டிய அவசர வெளியேற்ற ஒத்திகையை எப்போது கடைசியாகச் செய்தீர்கள் என்றதற்குத் தேதியோடு பதில் வந்தது. நடக்காத குழந்தைகளைச் சக்கரம் வைத்த கட்டில் ஒன்றில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போவார்களாம், அதையும் காட்டினார்கள்.

‘எக்சீடிங்’ நிலையத்தில் உள்கதவு இன்றும் சாத்தியிருக்கவில்லை. 2018இல் இருந்த இயக்குநர் இப்போது இல்லை, அதன் பிறகு நிறுவனமே கைமாறிவிட்டது என்று வரவேற்பறையில் இருந்த பெண் சொன்னார். அறிக்கையைக் கேட்டதும், “ரேட்டிங் வாசலிலேயே இருக்கிறதே” என்றார். பணியாளர் விதியிலிருந்து பெற்றிருக்கும் விலக்கு பற்றிய அறிவிப்பு, செடிச் சட்டிக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்தது. அங்கிருக்கும் எஜுகேட்டர்கள் அன்பானவர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். ஒருத்தி மூன்று குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுக்கு உதவி தேவைப்பட்டால் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் இரண்டு இடங்களையும் நேரில் பார்த்த பிறகு மறுபேச்சு பேசவில்லை. இரண்டாவது நிலையத்தில் செவ்வாய், வியாழன் இரு நாள்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டோம்.

வெஸ்ட்மீட் அப்பா (அக்டோபர் 25, காலை)

சகோதரி, மதிப்பீட்டில் நம்பிக்கையே வேண்டாம் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். நீங்கள் பார்த்ததுபோல ஏழு பகுதிகளையும் பிரித்து, ஆண்டையும் உரிமையாளரையும் சேர்த்துப் பார்த்தால் அதில் பயன் இருக்கிறது. நான் அன்று வெறும் சான்றிதழை மட்டுமே பார்த்தேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வெளி விளையாட்டிலிருந்து குழந்தைகளை உள்ளே அழைக்கும்போது யார், எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டீர்களா?

டூங்காபி தாய் (அக்டோபர் 25, மதியம்)

கேட்கவில்லை, அண்ணா. திங்கட்கிழமை சேர்க்கைப் படிவத்தைக் கொடுக்கப் போகும்போது, குழந்தைகள் உள்ளே வரும் நேரம் வரை காத்திருந்து என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.